கருவி தூங்கியதற்கு விரல் என்ன செய்யும்?

கணினித் துறையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று பேட்டரிக் கட்சி. சும்மா இருக்கிற எதையும் உடனே தூங்க வை என்பது அதன் கொள்கை. மற்றது வேகக் கட்சி. எதையும் தூங்க விடாதே, கரண்ட் போனால் போகட்டும் என்பது அதன் கொள்கை. இரண்டு கட்சிக்கும் மேடை உண்டு, தொண்டர் படை உண்டு, யூடியூப் சேனலும் உண்டு. தூங்கிய கருவியை எழுப்புவதற்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் இரண்டு மேடையிலும் எழுவதில்லை. சாதனங்களுக்கு டிரைவர் எழுதுவது பத்து வருடமாக என் பிழைப்பு. அந்தச் செலவை வரிசையில் நிற்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்குச் 'சிக்கனம்' என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு.

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுபவர் நினைவுக்கு வருவது நியாயம்தான். கணினியில் டிரைவர் என்பது ஒரு சாதனத்தோடு பேசத் தெரிந்த சின்ன மென்பொருள். பிரிண்டருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, விரல்ரேகைக் கருவிக்கு ஒன்று. மற்ற மென்பொருள்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் அந்தச் சாதனத்தைத் தொட முடியும். சாதனம் எப்போது தூங்கலாம், எப்போது எழ வேண்டும், எழுந்ததும் என்னென்ன மறந்திருக்கும் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் டிரைவர்தான். ஆகவே பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும்.

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையிலான கணக்கு ஒன்றும் புதிது இல்லை. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கிணறோ போரோ வைத்திருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல் 5, 6 மடங்கு இழுக்கும். அதனால்தான் எங்கள் பெரியப்பா மோட்டாரை அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போடுகிறவனைப் பார்த்தால், "காயில் கருகுனா நீயா சுத்திக் குடுப்ப?" என்று கத்துவார். மூணு ஃபேஸ் கரண்ட் வந்தவுடன் எல்லார் தோட்டத்து ஆட்டோ சுவிட்சும் ஒரே விநாடியில் மோட்டாரைக் கிளப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். எழுப்புவதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலைக்கு மேல் மிச்சம் பிடிக்க முடிந்தால்தான் அணைக்க வேண்டும் என்பது வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கு அனுபவ அறிவு. எழுப்பும் விலையும், சும்மா ஓடவிடும் விலையும் சரிக்குச் சரியாகும் நேரத்தைச் 'சமநேரம்' என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் எவ்வளவு நேரம் சும்மா இருக்கப் போகிறோம் என்று கருவிக்கு முன்கூட்டியே தெரியாதே? அதற்கும் கணிதத்தில் விடை இருக்கிறது. வாடகை சைக்கிளை வைத்துச் சொல்கிறேன். ஒரு நாள் வாடகை 50 ரூபாய், புதுச் சைக்கிள் 5,000 ரூபாய். உங்களுக்கு எத்தனை நாள் சைக்கிள் தேவைப்படும் என்று தெரியாது. வழி இதுதான்: கட்டிய வாடகை மொத்தம் 5,000-ஐத் தொடும்வரை வாடகைக்கு எடுங்கள், தொட்டதும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். எவ்வளவு மோசமாகப் போனாலும் உங்கள் செலவு 10,000 ரூபாயைத் தாண்டாது. எதிர்காலம் தெரிந்த ஜோசியனாக இருந்திருந்தால் 5,000 செலவாகியிருக்கும். அதாவது ஜோசியனைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒருபோதும் நஷ்டமில்லை. கருவிக்கும் இதேதான். சமநேரம் வரை விழித்திருந்து, அதற்குப் பிறகு தூங்கினால் போதும்.

இவ்வளவு அழகான விதி கையில் இருக்கும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? லினக்ஸில் யுஎஸ்பி சாதனங்களுக்கான தானியங்கித் தூக்கத்தின் இயல்புநிலைக் காத்திருப்பு 2 விநாடி. மவுஸுக்கும் 2, பிரிண்டருக்கும் 2, விரல்ரேகைக் கருவிக்கும் 2. ஒவ்வொரு கருவிக்கும் சமநேரம் வேறு என்பதால், அதை டிரைவர் எழுதுகிறவர் அளந்து மாற்ற வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடைமுறையில் பழைய டிரைவரிலிருந்து வரியை அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிறோம். 100, 1000, 2000 என்று உருண்டையான எண்களாகவே இருப்பதைப் பார்த்தாலே தெரியும், அவை அளந்து வந்தவை அல்ல. இயற்கை அப்படி உருண்டையாகப் பதில் சொல்லாது.

அளக்காத தூக்கம் கருவியையே கொன்ற கதையும் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'கிரீன்' வரிசை ஹார்டு டிஸ்க்குகள் 8 விநாடி சும்மா இருந்தால் போதும், எழுதுமுனையை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிடும். மின்சாரம் மிச்சம்தான். ஆனால் அப்படி நிறுத்தி எடுப்பதை 3,00,000 தடவை தாங்கும் என்பதுதான் அந்த டிஸ்க்குக்கு நிறுவனம் கொடுத்த கணக்கு. பின்னணியில் ஏதோ ஒரு நிரல் 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு வரிப் பதிவு எழுதுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2,880 தடவை. மூன்றரை மாதத்தில் 3,00,000 தீர்ந்துவிடும். வீட்டு சர்வர் வைத்திருந்தவர்கள் பலர் இந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துப் பதறி, அந்த 8 விநாடியை மாற்றும் கருவிநிரலைத் தேடி ஓடினார்கள். பெயர் என்னவோ பச்சை. தூக்கி எறியும் டிஸ்க்கு எந்தக் கணக்கில் பச்சை?

இது வரைக்கும் பேசியது வாட், ஆம்பியர், தேய்மானம். இந்தச் சமன்பாட்டில் ஒரு ஆளைக் காணோம். எழுந்துவரும் கருவிக்காகக் காத்திருக்கும் மனிதர்தான் அவர். ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் 1968-லேயே, கணினியின் பதிலுக்காக மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்று வகை வகையாக எழுதிவைத்தார். பத்தில் ஒரு விநாடிக்குள் நடந்தால் கையோடு கை நடந்தது போல் இருக்கும். ஒரு விநாடியைத் தாண்டினால் சிந்தனை அறுபடும். 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். அரை நூற்றாண்டாக எல்லாருக்கும் தெரிந்த எண்கள் இவை. இருந்தாலும் ஒரு கருவியின் சமநேரத்தைக் கணக்கிடும்போது இவற்றை யாரும் உள்ளே சேர்ப்பதில்லை. பேட்டரியில் ஒரு மில்லிவாட் குறைந்தால் அளவுமானி காட்டும். கடையில் ஒருவர் இரண்டு விநாடி கூடுதலாக நின்றால் எந்த மானியும் காட்டாது. மானி காட்டாத செலவு, செலவே இல்லை என்றாகிவிடுகிறது.

திண்டுக்கல்லில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் சித்தப்பா மகன் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். ஆதார் மூலம் பணம் எடுத்துக் கொடுப்பது, ஓய்வூதியர்களுக்கு ஆயுள் சான்று எடுப்பது, ஜெராக்ஸ். பழைய லேப்டாப் ஒன்று, அதில் செருகிய விரல்ரேகைக் கருவி ஒன்று. லீவில் போயிருந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தேன். வெங்காய மார்க்கெட்டில் வெங்காயம் ஆயும் ஒரு அம்மா, நூறுநாள் வேலைக் கூலி ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பணம் எடுக்க வந்தார். விரலை வைத்தார். எடுத்தார். அதற்குப் பிறகுதான் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ரேகையின் தரம் போதவில்லை என்று வந்தது.

"ரேகை விழலத்தா. வெரல நல்லா தொடச்சிட்டு வைங்க" என்றான் தம்பி.

"வெங்காயம் ஆஞ்ச கைப்பா. தேஞ்சு போச்சு" என்று அந்த அம்மா விரலைச் சேலையில் துடைத்தார். சொன்ன தொனியில் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட தயக்கம். இரண்டாவது தடவை வைத்ததும் ஏற்றுக்கொண்டது.

அடுத்து வந்தவருக்கு முதல் தடவையிலேயே விழுந்தது. அதற்கடுத்தவருக்கும் விழுந்தது. டீ குடித்துவிட்டு வந்து தம்பி உட்கார்ந்த பிறகு வந்தவருக்கு விழவில்லை. இருபது பேர் வரை கவனித்தேன். ஆட்கள் அடுத்தடுத்து வந்தால் முதல் தடவையே விழுகிறது. சற்று இடைவெளி விட்டு வருகிறவருக்குத்தான் முதல் தடவை தவறுகிறது. அவர் வெங்காயம் ஆய்கிறவரா, வங்கி எழுத்தரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவி தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தம்பியிடம் சொன்னபோது, "தெரியும்ணே, மொத தடவ எப்பவும் மக்கர் பண்ணும். கூட்டம் இல்லாதப்ப நானே என் வெரல ஒரு தடவ வச்சு எழுப்பி விட்டுருவேன்" என்று சிரித்தான். ஒரு டிரைவர் செய்ய வேண்டிய வேலையை மனிதனின் கட்டைவிரல் செய்துகொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பதை விளக்குகிறேன். யுஎஸ்பி 2.0 விதிப்படி, பேருந்தில், அதாவது யுஎஸ்பி தடத்தில், 3 மில்லி விநாடி சத்தமில்லை என்றால் சாதனம் தூக்க நிலைக்குப் போக வேண்டும். எழுப்பும்போது கணினி குறைந்தது 20 மில்லி விநாடி எழுப்பொலி கொடுக்க வேண்டும். அதற்கு மேல் 10 மில்லி விநாடி தெளியும் அவகாசம். மொத்தம் 30. மில்லரின் பத்தில் ஒரு விநாடிக்குள் இது வசதியாக அடங்குகிறது. ஆகவே யுஎஸ்பி மேல் பழி போட முடியாது. அதற்குப் பிறகு உணரியின் விளக்கு எரிய வேண்டும், வெளிச்ச அளவு சரிபார்க்க வேண்டும், வெற்றுக் கண்ணாடியின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இது கருவிக்குக் கருவி மாறும். ஒரு விநாடியைத் தாண்டும் கருவிகளை என் மேசையிலேயே அளந்திருக்கிறேன். அந்த இடைவெளியில் வைத்து எடுத்த விரல் அரைகுறையாகத்தான் பதியும். டிரைவர் நேர்மையாக இருந்தால் 'நான் இன்னும் எழவில்லை' என்று மேலே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஒரு வழி செய்யாமல், தயார் என்று சொல்லிவிட்டு அரைகுறைப் படத்தை மேலே தள்ளுகிறது. மேலே இருக்கும் மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் படம் மோசம் என்பது மட்டும். அது விரலைக் குற்றம் சொல்கிறது.

என் கோபம் அந்த ஒரு விநாடி தாமதத்தின் மேல் அல்ல. தாமதத்தை மன்னிக்கலாம். தன் தூக்கத்தை மறைத்துவிட்டு, எதிரே நிற்கும் ஆளின் உடம்பில் குறை இருப்பதாகச் சொல்வதை மன்னிக்க முடியாது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் விரல்ரேகைச் சரிபார்ப்பு வந்தது. ரேகை விழாதவர்களுக்காகக் கருவிழிப் பதிவும் பின்னால் வந்தது. உண்மையிலேயே ரேகை தேய்ந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். சின்னாளபட்டி தறியில், பேகம்பூர் தோல் ஷாப்பில், நிலக்கோட்டைப் பூந்தோட்டத்தில் வேலை பார்த்த கைகள் அவை. அவர்களிடம் கருவி ஏற்கெனவே ஆயிரம் தடவை 'நீ சரியில்லை' என்று சொல்லியிருக்கிறது. அதில் ஒரு தடவைகூடப் பொய்யாகச் சொல்லும் உரிமை ஒரு டிரைவருக்குக் கிடையாது.

இந்த இடத்தில் வேகக் கட்சிக்காரர் எழுந்து நிற்பார். "இதுக்குப் போய் இவ்ளோ பேச்சா? டிவைஸ் மேனேஜர்ல போயி, மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துட்டா போச்சு." தம்பியும் ஒரு வீடியோவைப் பார்த்து அதைச் செய்தான். அதோடு நிற்காமல், வீடியோவில் சொன்னபடி எல்லாவற்றையும் முழுவேகத்துக்கு மாற்றினான். முதல் தடவையிலேயே ரேகை விழுந்தது. பிறகு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் வந்தது. வழக்கமாக மத்தியானம் வரை தாக்குப்பிடிக்கும் லேப்டாப் பதினோரு மணிக்கே கண்ணை மூடிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். வரிசையில் நின்றவர்களும் போனார்கள். கூலியில் ஒரு நாள் போனது அவர்களுக்கு.

ஏனென்றால் ஒரு கருவி தூங்காமல் இருப்பது அந்தக் கருவியோடு முடிகிற விஷயம் இல்லை. கைக்குழந்தை தூங்காவிட்டால் வீடே தூங்காது என்பார்கள். யுஎஸ்பி சாதனம் விழித்திருந்தால் அதன் கட்டுப்படுத்தி விழித்திருக்கும். கட்டுப்படுத்தி விழித்திருந்தால் செயலி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக முடியாது. கருவி தனக்கென்று இழுப்பது அரை வாட் என்றாலும், கூடவே மற்றவற்றையும் எழுப்பி வைத்துவிடும். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கல்லூரியில் புராஜெக்ட் முடித்த எங்களுக்கு பேட்டரியின் ஒவ்வொரு சதவீதமும் ஒரு பக்கம். சிக்கனத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் கரண்ட் போகாத ஊரில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இரண்டு கட்சிகளையும்விட ஆபத்தானது மூன்றாவது கட்சி. அது என் தொழிலில் இருக்கிறவர்களின் கட்சி. "வேண்டுமென்றால் பயனர் மாற்றிக்கொள்ளலாமே, அமைப்பு கொடுத்திருக்கிறோமே" என்பது அவர்கள் வாதம். கொடுத்திருக்கிறார்கள்தான். லினக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும், எழுவதற்கு அதிகபட்சம் எத்தனை மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதும் ஒரு கோப்பு உண்டு. அதில் 0 என்று எழுதினால் என்ன அர்த்தம்? 'காத்திருக்கவே முடியாது' என்றுதானே நினைப்பீர்கள்? 'எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காக்க வை' என்று அர்த்தம். காத்திருக்க முடியாது என்று சொல்ல வேறு சொல் எழுத வேண்டும். ஆவணத்தில் இது தெளிவாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் இதைத் தேடிப் படித்து மாற்றுவார் என்று நாம் எதிர்பார்க்கும் பயனர் யார்? என் தம்பியா, வெங்காயம் ஆயும் அந்த அம்மாவா? இன்னொன்று: அதில் ஒரு எண்ணை எழுதினாலும் பெரும்பாலான டிரைவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவு வைத்து, தாழ்ப்பாள் வைத்து, உள்ளே அறை கட்டாமல் விட்டது போல.

பயனர் மாற்றிக்கொள்ளலாம் என்பது பெருந்தன்மை போல் ஒலிக்கும் கைகழுவல். கருவி எழ எவ்வளவு நேரம் ஆகும் என்பது அதைச் செய்தவருக்கும் டிரைவர் எழுதியவருக்கும் மட்டுமே தெரியும். தெரிந்தவர் முடிவெடுக்காமல், தெரியாதவரிடம் தேர்வுரிமையை நீட்டுவது சுதந்திரம் ஆகாது.

சரியாகச் செய்ய முடியாத காரியமா இது? வைஃபையைப் பாருங்கள். உங்கள் போனின் வைஃபை நாள் முழுக்கத் தூங்கித் தூங்கித்தான் எழுகிறது. ஆனால் தூங்குமுன் ரவுட்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்குகிறது. எனக்கு வரும் தபாலை எடுத்து வை, அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று. ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை அறிவிப்பு போடும்: இன்னின்னாருக்குத் தபால் இருக்கிறது. போன் அந்த நேரத்துக்குக் கண்விழித்துக் கேட்கும், இருந்தால் வாங்கும், இல்லையென்றால் மறுபடி தூங்கும். சற்றுத் தாமதம் உண்டு. ஆனால் கடிதம் தொலைவதில்லை, கடிதம் எழுதியவர் மேல் பழி விழுவதும் இல்லை. தூங்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரே காரணத்தால் இது சாத்தியமாகிறது.

லினக்ஸ்காரர்களும் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். யுஎஸ்பி தானியங்கித் தூக்கத்தை முதலில் எல்லாச் சாதனத்துக்கும் திறந்துவிட்டபோது பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் மக்கர் செய்தன. பிறகு ஹப் தவிர மற்றவற்றுக்கு அதை இயல்பாக நிறுத்தி வைத்தார்கள். தூங்கி ஒழுங்காக எழுகிறது என்று தெரிந்த சாதனங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்த்து அனுமதிக்கும் வழக்கம் வந்தது. விரல்ரேகைக் கருவிகளுக்கென்றே அப்படித் தனிப் பட்டியல் இருக்கிறது. சலிப்பான வேலை. ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு வரி சேர்க்க வேண்டும். நேர்மையான வேலை பெரும்பாலும் இப்படித்தான் சலிப்பாக இருக்கும்.

தம்பி கடைக்கே திரும்புவோம். ஒருவர் வந்து உட்கார்ந்ததும் அவன் முதலில் வங்கியைத் தேர்ந்தெடுக்கிறான். பிறகு 12 இலக்க ஆதார் எண்ணை அடிக்கிறான். பிறகு தொகை. அதற்குப் பிறகுதான் 'விரலை வைக்கவும்' வருகிறது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். கருவி எழுவதற்குத் தேவை ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. ஆதாரின் முதல் இலக்கத்தை அடிக்கும்போதே மென்பொருள் கருவியைத் திறந்திருந்தால், டிரைவர் அந்தத் திறப்பையே எழுப்பும் சைகையாக எடுத்துக்கொண்டிருந்தால், விரல் வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வேலை முடிந்து மூடியதும் தூங்கலாம். நாள் முழுக்கக் கருவியும் தூங்கும், ஒருவரும் இரண்டாம் முறை விரல் வைக்கவும் வேண்டாம். மின்சாரமா வேகமா என்று இத்தனை வருடம் கட்சி கட்டிச் சண்டை போட்டோமே, அந்தச் சண்டைக்கான தேவையே இங்கே இல்லை. வேண்டிய தகவல் பத்து விநாடி முன்பே திரையில் இருந்தது. கேட்க யாரும் மெனக்கெடவில்லை.

"மலிவான கருவி, குறைந்த விலை டெண்டர், இரண்டு வாரத்தில் டிரைவர் வேண்டும் என்கிறார்கள், இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இது உண்மையான சிரமம், எனக்கும் தெரிந்த சிரமம். ஆனால் கேட்பது மூன்றே மூன்று. உங்கள் கருவி எழ எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளந்து ஆவணத்தில் எழுதுங்கள். எழுந்து முடிக்கும்வரை தயார் என்று சொல்லாதீர்கள். எழுவதற்குள் வந்ததைப் பாதியாக மேலே அனுப்பாமல் 'எழுந்துகொண்டிருக்கிறேன், பொறுங்கள்' என்ற தனிப் பதிலை அனுப்புங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை நாம் மிச்சம் பிடிக்கும்போது அது எங்கேயும் மறைந்து போவதில்லை. இரண்டிரண்டு விநாடியாக உடைந்து, ஊர் ஊராகப் போய், வரிசையில் நிற்கிறவர்களிடம் வசூலாகிறது. கடன் வாங்குகிறவர் நாம், வட்டி கட்டுகிறவர் அவர்.

டெண்டர் விடுகிற துறைகளுக்கும் ஒரு வார்த்தை. கருவியின் விலை, துல்லியம், உத்தரவாதம் எல்லாம் கேட்கிறீர்கள். பத்து நிமிடம் சும்மா இருந்த பிறகு முதல் தொடுதலிலேயே ரேகை எடுக்கிறதா என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு வரி வந்துவிட்டால், உருண்டை எண்களை நகல் எடுக்கும் எங்கள் பழக்கம் ஒரே மாதத்தில் மாறிவிடும். அதுவரை ரேகை விழவில்லை என்று ஒரு திரை சொன்னால், விரலைத் துடைக்கச் சொல்வதற்கு முன்னால் கருவி விழித்திருக்கிறதா என்று பாருங்கள்.